என்ன கிளமை?

ஆறாம் நம்பர் படுக்கைக்காரர் பிழைத்தாலும் சரி, போனாலும் சரி, அதைப் பிழையில்லாமல்தான் செய்வார் என்று ஜுவேரியா முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள்.

பெயர் சுப்பராமன். வயது எழுபத்திரண்டு. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் சம்பளத்துக்குத்தான். மயிலாப்பூரில் கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, இரங்கல் சுவரொட்டி என்று எதையும் அவர் சும்மா விட்டதில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை கோணிற்று, கையில் பிடித்த டம்ளர் நழுவிற்று. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில், மூளை தண்டுவட வார்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை அறுவை சிகிச்சை. மண்டையில் சின்னதாகத் துளை போட்டு ரத்தத்தை வடித்துவிடுவார்கள்; அரை மணி வேலை. அதற்கான சம்மதப் படிவத்தைப் படிக்க சுப்பராமன் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். பதினொரு இடத்தில் திருத்தினார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"'உயிறிழப்பு'ன்னு போட்டிருக்கு. பெரிய 'றி'" என்றார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த றகரத்தோட என்னால சாக முடியாது."

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மாமி, "ஏன்னா, நீங்க சாகவே வேண்டாம், கையெழுத்தை மட்டும் போடுங்கோ" என்று கெஞ்சி வாங்கினாள்.

சாயங்காலம் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர், தலையில் கட்டோடு முதலில் பார்த்தது எதிர்ச் சுவரில் இருந்த பலகையை. 'அமைதி காக்கவும்' என்று இருக்க வேண்டியதில் ஒரு கால் உதிர்ந்துபோய் 'அமைதி கக்கவும்' என்று பல மாதங்களாக இருந்தது. அந்த வார்டில் வேலை பார்த்த அத்தனை பேரும் அதை தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சுப்பராமன் அதைக் கழற்ற வைத்த பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

ஜுவேரியா மீர்சாகிப்பேட்டைப் பெண். எட்டு வருஷமாக அதே வார்டில் நர்ஸ். கெட்டிக்காரி, கோபக்காரி. வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் தமிழ். இரண்டிலும் ழகரத்துக்கு வேலை கிடையாது. வார்டில் எல்லாரும் அவளை 'ஜூலி சிஸ்டர்' என்று சுருக்கிவிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

தலையில் அறுவை ஆனவர்களை மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பது, கையைப் பிடித்து இறுக்கச் சொல்வது, இரண்டு கையையும் நீட்டி நிறுத்தச் சொல்வது. அப்புறம் மூன்று கேள்வி. உங்கள் பேர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை. எல்லாம் சரியாக இருந்தால் பதினைந்துக்குப் பதினைந்து. பேச்சில் குழப்பம் என்றால் ஒரு மார்க் குறையும். குறைந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

"சார், உங்க பேர் இன்னா?"

"கையில பட்டை கட்டியிருக்கியே, அதுல 'சுப்ரமன்'னு போட்டிருக்கு. அது நான் இல்லை. என் பேர் சுப்பராமன்."

"இது எந்த இடம் சார்?"

"நீதானே இங்கே வேலை பாக்கறே? நீ சொல்லு."

"ஆள்வார்பேட்டை."

சுப்பராமன் கண்ணை மூடிக்கொண்டார். மண்டையில் துளை போட்டதன் வலி அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது.

"சரி சார். இன்னிக்கு என்ன கிளமை?"

"அப்படி ஒண்ணு கிடையாது."

"கிளமை சார். திங்கள், செவ்வாய்..."

"கிழமைன்னு ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டா பதில் சொல்றேன். உலகத்துல இல்லாததைக் கேட்டா நான் எங்கே போவேன்?"

நர்ஸ் வேலையில் ஒரு சட்டம் உண்டு. கண்டதை எழுது, கேட்டதை எழுது, உன் நினைப்பை எழுதாதே. ஜுவேரியா அப்படியே எழுதினாள்: கிழமை கேட்டதற்கு, அப்படி ஒன்று கிடையாது என்கிறார். ஒரு மார்க் குறைத்தாள். டியூட்டி டாக்டர் ஸ்ரீகிருஷ்ணா பதறிப்போய் ஓடிவந்தார். சுப்பராமனைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது.

டாக்டர் அவரிடம், "சார், இன்னிக்கு என்ன டே?" என்று கேட்டார்.

"மண்டே" என்றார் சுப்பராமன். "டாக்டருக்கு இங்கிலீஷ் ஒழுங்கா வரது. தமிழ்தான் சிஸ்டருக்கு வர மாட்டேங்கறது."

ஸ்ரீகிருஷ்ணா கோபாலபுரத்துப் பிள்ளை. நல்ல பையன்தான். ஆனால் அன்றைக்கு வராந்தாவில் நின்று, "சிஸ்டர், உங்க உச்சரிப்புக்காக ஒரு பேஷன்டுக்கு ஸ்கேன் எடுத்திருக்கோம்" என்று நாலு பேர் காதுபடச் சொன்னார். ஜுவேரியாவுக்கு மூக்கு நுனி வரை எரிந்தது.

அதிலிருந்து செவ்வாய், புதன் இரண்டு நாளும் மணிக்கொரு சண்டை. அவள் 'கிளமை' என்பாள். அவர் மேலே பார்ப்பார். அவள் மறுபடி கேட்பாள். "நாக்கை மடிச்சு உள்ளே தள்ளு" என்பார். மூன்றாம் தடவை கேட்ட பிறகு, கொடுக்கல் வாங்கலில் ஏமாந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சோடு பதில் சொல்வார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவளை அவள் அம்மா அன்வரி பேகம் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல்லில் வலியா என்று கேட்டு ஒரு கிராம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

புதன்கிழமை ஜுவேரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. வார்டு புகார் நோட்டில், ஆறாம் படுக்கை நோயாளி மரியாதை இல்லாமல் பேசுகிறார், வேறு சிஸ்டரைப் போடவும் என்று எழுதினாள். எழுதி முடிக்கும் முன்னால் நாலாம் படுக்கையில் ட்ரிப்ஸ் மெஷின் அலறியது. நோட்டை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் எழுதிய 'மறியாதை'யில் ஒரு எழுத்து அடிக்கப்பட்டு, மேலே அழகான கையெழுத்தில் 'ரி' என்று இருந்தது.

"புகார் நியாயமானது" என்றார் சுப்பராமன். "ஆனா மரியாதைக்குச் சின்ன 'ரி' போதும், ஜுவேரியா."

அவள் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அந்த வார்டில் எட்டு வருஷத்தில் அவள் பேட்ஜில் இருந்த பேரை முழுசாக, நெடில் குறில் தவறாமல் கூப்பிட்ட முதல் ஆள் இந்த மனுஷன்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்றும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவருக்கு டிஸ்சார்ஜ். ஜுவேரியா காலை ஏழரைக்கு டியூட்டிக்கு வந்தபோது, "ஆறாம் பெட் தொந்தரவே இல்லப்பா, சமத்தா இருந்தாரு" என்று சொல்லிவிட்டு இரவு நர்ஸ் கிளம்பினாள். ஜுவேரியாவும் நிம்மதியாகத்தான் ஆறாம் படுக்கைக்குப் போனாள். மாமி வழக்கத்தை விட முகமலர்ச்சியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் காபி டம்ளர் காலியாக இருந்தது.

"உங்க பேர் இன்னா சார்?"

"சுப்பராமன்."

"இது எந்த இடம்?"

"ஆழ்வார்பேட்டை."

"இன்னிக்கு என்ன கிளமை?"

"வியாழக்கிழமை."

மூன்றும் சரி. பதினைந்துக்குப் பதினைந்து. ஜுவேரியா அதை எழுதினாள், அடுத்த படுக்கைக்குப் போனாள், அதற்கடுத்த படுக்கைக்கும் போனாள். அங்கே 'கிளமை' என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். பேனாவை மூடாமலே திரும்பி ஓடிவந்தாள்.

"சார், இன்னிக்கு என்ன கிளமை?"

"வியாழக்கிழமைம்மா" என்றார் அவர். இப்போதுதானே சொன்னேன் என்று கூடச் சொல்லவில்லை. ஒரு கொட்டாவி விட்டார்.

கண்ணில் டார்ச் அடித்தாள். இரண்டு கண்பாப்பாவும் ஒரே மாதிரி சுருங்கின. கையை இறுக்கச் சொன்னாள், இறுக்கினார். கையை நீட்டச் சொன்னாள், இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. தலை வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. எழுத முடியாத ஒன்றுதான் இருந்தது.

ஜுவேரியாவுக்குப் பயம் வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அவள் பார்த்தது இதுதான்: மூளை உள்ளேயிருந்து அழுத்தப்படும்போது எப்போதும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. சிலருக்குக் கையும் காலும் கடைசியில்தான் விழும். முதலில் போவது அந்த ஆளுக்கே உரிய ஏதாவது ஒன்று. இவரை இப்படியே பதினொரு மணிக்கு அனுப்பினால் வீட்டில் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுப்பார். நன்றாகத் தூங்குகிறார் என்று மாமி எழுப்பாமல் விடுவாள். சாயங்காலம் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார்.

டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"டாக்டர், ஆறாம் பெட்டுக்கு ஸ்கேன் எடுக்கணும். அவருக்கு உள்ள இன்னாவோ ஆய்க்கினு கீது" என்றாள். பதற்றத்தில் வார்டுத் தமிழ் போய்த் தெருத் தமிழ் வந்துவிட்டது.

ஸ்ரீகிருஷ்ணா சார்ட்டைப் பார்த்தார். "பதினைந்து போட்டிருக்கீங்களே?"

"ஆமா. எல்லாம் சரியாச் சொல்றாரு. அதான் சரியில்ல."

"புரியலை சிஸ்டர்."

"நான் கிளமைன்னு கேட்டேன் டாக்டர். பதில் சொல்லிட்டாரு!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "திங்கட்கிழமை பதில் சொல்லலைன்னு ஒரு ஸ்கேன். இப்போ பதில் சொல்லிட்டார்னு ஒரு ஸ்கேனா?"

"நான் ழ சொல்றதுக்கு ள சொன்னேன். அவர் விட்டுட்டாரு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்கு இன்னா தெரியும்? அவருக்குத்தான் தெரியும்!"

"நான் ஸ்கூல்ல ஃப்ரெஞ்ச் எடுத்தேன் சிஸ்டர்" என்றார் ஸ்ரீகிருஷ்ணா பரிதாபமாக. "நேத்துதானே அவர் மரியாதை இல்லாம பேசறார்னு புகார் எழுதினீங்க? இன்னிக்கு மரியாதையா பேசறார்னு ஒரு புகாரா? ஃபார்ம்ல காரணம்னு நான் என்ன எழுதறது?"

அவர் கேட்டதில் தப்பு இல்லை என்பதுதான் ஜுவேரியாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "எழுதறது அப்புறம். என்கூட ஒரு நிமிஷம் வாங்க. நீங்களே கேளுங்க" என்று அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே வந்தாள்.

மாமி அவர்களைப் பார்த்ததும் எழுந்து வழிமறித்தாள். "ஸ்கேனெல்லாம் வேண்டாம், டாக்டர். சிஸ்டர் பேசினது காதுல விழுந்தது. நாலு நாளா படுத்தின மனுஷன் இன்னிக்குத்தான் இப்படி சாந்தமா இருக்கார். ஆத்துக்குக் கூட்டிண்டு போறேன். இப்படியே விட்டுடுங்கோளேன்." அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது ஜுவேரியாவுக்கு அப்போது விளங்கவில்லை.

ஜுவேரியா மாமியைத் தாண்டிப் படுக்கையருகே போய் நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சார், வெளிய செம மளை. கோளி கூவறப்பவே எளுந்து கிளம்பினேன். வாளைப்பளம் வாங்கினேன், எல்லாம் அளுகிப் போச்சு. களுத்துல சுளுக்கு வேற. வளில விளுந்துட்டேன் சார்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தமிழில் இருந்த ழகரங்களில் பாதியை ஒரே மூச்சில் கொன்று போட்டிருந்தாள். ஸ்ரீகிருஷ்ணா ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார்.

சுப்பராமன் மெதுவாகத் தலையை ஆட்டினார். "பாவம்" என்றார். "ரொம்ப அடி பட்டுடுத்தா?"

மாமி கையில் மடித்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. அவள் குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தாள்.

"ஏன்னா, வாளைப்பளம்ங்கறாளே. உங்களுக்குக் காதுல விழலையா?"

"விழுந்தது ஜெயா."

"அப்புறம் ஏன் பேசாம இருக்கேள்?"

"அதனால என்ன?" என்றார் சுப்பராமன். சொல்லிவிட்டு இன்னொரு கொட்டாவி விட்டார்.

மாமி நிமிர்ந்தாள். முகத்தில் இருந்த மலர்ச்சி முழுக்க வடிந்துவிட்டது. துண்டைக் கட்டிலில் போட்டாள். ஜுவேரியாவைப் பார்த்து அல்ல, டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"இது எங்காத்து மாமா இல்லை. அழைச்சுண்டு போய் ஸ்கேன் எடுங்கோ."

ஸ்ரீகிருஷ்ணாவுக்கு ழகரம் தெரியாவிட்டாலும் ஒரு மனைவியின் முகத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது. சட்டென்று ஸ்கேன் படிவத்தை எடுத்தார். படிவத்தில் 'குணத்தில் மாறுதல். நர்ஸும் மனைவியும் கவனித்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்கேனில் பழைய இடத்திலேயே மறுபடி ரத்தம் தேங்கியிருந்தது. பக்கத்து மூளையை மெல்ல நெருக்கித் தள்ளவும் ஆரம்பித்திருந்தது. அதற்குள் சுப்பராமனை எழுப்புவதற்கே இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது. பெரிய சர்ஜன் வந்தார், படத்தைப் பார்த்தார், தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

சுப்பராமனைத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டு நின்ற ஜுவேரியாவிடம் ஸ்ரீகிருஷ்ணா வந்தார். "சிஸ்டர், அந்த எழுத்தை எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்றார். "எனக்கே வராது டாக்டர், நான் இன்னாத்த காட்டுறது?" என்றாள் அவள். இரண்டு பேரும் சேர்ந்து லிஃப்ட் வாசலில் நாக்கை மடித்துப் பார்த்தார்கள். ட்ராலி தள்ளிக்கொண்டு போன வார்டுபாய் தனபாலன் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

அன்றைக்கு டியூட்டி முடிந்த பிறகும் ஜுவேரியா வீட்டுக்குப் போகவில்லை. அறுவை நன்றாக முடிந்தது என்று சொன்னார்கள். அது அவளுக்குப் போதவில்லை. ரத்தத்தை வடித்துவிடலாம், போன ஆள் அப்படியே திரும்பி வருவார் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. திட்டினால் போதும் என்று அவளுக்கு இருந்தது. மூன்று நாள் எந்த வாயை மூடினால் போதும் என்று வேண்டிக்கொண்டாளோ, அந்த வாய் திறக்க வேண்டும் என்று இப்போது வேண்டிக்கொண்டாள். மாமி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

மறுநாள் காலை சுப்பராமன் கண்ணைத் திறந்திருந்தார். ஜுவேரியா போய் நின்றாள். பேர் கேட்டாள், சொன்னார். இடம் கேட்டாள், சொன்னார். மூன்றாவது கேள்விக்கு வந்தாள். கண்ணாடி முன்னால் மடித்த நாக்கோ, பயத்தில் உலர்ந்த நாக்கோ, தன்னாலேயே உள்ளே சுருண்டது.

"இன்னிக்கு என்ன கிழமை சார்?"

சுப்பராமன் அவளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"யாரும்மா நீ?" என்றார்.

ஜுவேரியா டார்ச்சை எடுத்தாள். மாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கே ஜுவேரியான்னு ஒரு பொண்ணு உண்டு" என்றார் அவர், கட்டுப் போட்ட தலையை அசைக்காமல். "அவளுக்கு ழ வராது. அவளை வரச் சொல்லு."

"நான்தான் சார் ஜுவேரியா!"

"அப்போ வந்ததைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. வெள்ளிக்கிழமை." டம்ளரைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி ஒரு வாய் குடித்தார். "இதைக் காபின்னு யாராவது எழுதிக் குடுத்தா, நான் கோடு போட்டு அடிச்சுடுவேன்."

அவள் பதினைந்து என்று எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது. அதையும் அவர் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அடுத்த மணி நேரத்தில் அவள் நாக்கு பழையபடி கிளமைக்குத் திரும்பிவிட்டது, அவரும் பழையபடி மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பத்து மணி வாக்கில் மாமி அவளைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"சிஸ்டர், உன்னை ஒண்ணு கேக்கணும். பைத்தியக்காரின்னு நினைச்சுக்காதே."

"கேளுங்க மாமி."

"நேத்திக்குக் காத்தால, நீ வரதுக்கு முன்னாடி, அவர் என்னைப் பார்த்து 'ஜெயா, நீ காபி குடிச்சியா'ன்னு கேட்டார்." மாமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம் ஆறது. டிகாக்‌ஷன் தண்ணியா இருக்கு, சக்கரை தூக்கலா இருக்குன்னு தினம் சொல்லுவார். நான் குடிச்சேனான்னு ஒரு நாள் கேட்டதில்லை. நேத்திக்குக் கேட்டார். அதான் நான் ஸ்கேனெல்லாம் வேண்டாம்னு நின்னேன். அது... அந்த ரத்தம் பண்ணின வேலைதானா?"

இவர் நடப்பாரா, பேசுவாரா, சாப்பிடுவாரா என்று எட்டு வருஷமாக எத்தனையோ பேர் ஜுவேரியாவைக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. இதற்கு ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மாமியின் கண்ணைப் பார்த்த பிறகு அது வரவில்லை.

"தெரியல மாமி" என்றாள்.

மாமி தலையாட்டினாள். "நேத்து எவ்வளவு ரத்தம் எடுத்தா?"

"ஒரு சின்ன டம்ளர் இருக்கும்."

"ஒரு ஸ்பூன் விட்டு வெச்சிருக்கப்படாதோ?"

ஜுவேரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மாமியும் சிரித்துவிட்டாள். நோயாளிகள் தூங்கும் இடம் என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சிரிப்பு அடங்கியபோது மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரத்தம் கேட்டுதோ, அவர் கேட்டாரோ. வந்தது அவர் வாயாலதானே" என்றாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க மாமி?"

"ஆச்சுன்னேன். ஆகவே இல்லை. கேக்கறாரேங்கற சந்தோஷத்துல பொய் வந்துடுத்து." மாமி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துத் திறந்து பார்த்துக்கொண்டாள். "கேன்டீன் கீழேதானே? அவர்கிட்ட பொய் சொன்னதா இருக்க வேண்டாம். அந்தக் காபியைப் போய்க் குடிச்சுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் அவரைப் பார்த்துக்கோ."